பிஎஸ்சி அக்ரிக்குப் பிறகு: எம்பிஏவா, வங்கித் தேர்வா, நேரே வேலையா?

போன மாதம் கல்லூரி ஜூனியர் ஒருவன் போன் செய்தான். பிஎஸ்சி அக்ரி கடைசி செமஸ்டர். ஒரு தனியார் கல்லூரியில் அக்ரி பிசினஸ் எம்பிஏ சேர இடம் கிடைத்துவிட்டது, இரண்டு வருடத்துக்குப் பத்து லட்சம், ஒரு வாரத்துக்குள் முன்பணம் கட்டினால்தான் சீட் நிற்கும் என்கிறார்கள் என்றான். "அப்பா வீட்டுப் பத்திரத்தை வெச்சு லோன் எடுத்துக்கலாம்னு சொல்றார் அண்ணா. சேரட்டுமா?"

நானும் ஏறக்குறைய அதே வயதில், அதே மாதிரி ஒரு அட்மிஷன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, யாரையும் கேட்காமல் பணம் கட்டியவன். அந்தக் கடனை அடைத்து முடிக்கும்போது எனக்கு முப்பத்திரண்டு வயது. அதனால் அவனிடம் சட்டென்று ஆமாம் என்றோ வேண்டாம் என்றோ சொல்ல மனம் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை நோட்டும் பேனாவுமாக வரச் சொன்னேன். அன்றைக்கு இருவரும் உட்கார்ந்து போட்ட கணக்கைத்தான் இங்கே எழுதுகிறேன். அக்ரி, ஹார்ட்டி, ஃபாரஸ்ட்ரி முடித்துவிட்டு இதே இடத்தில் நிற்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

"எம்பிஏ படிக்கலாமா?" என்று மொட்டையாகக் கேட்டால் அதற்குப் பதில் கிடையாது. எதை விட்டுவிட்டு எம்பிஏ என்று கேட்டால் பதில் உண்டு. அக்ரி முடித்தவருக்கு முன்னால் பொதுவாக நான்கு வழிகள் இருக்கின்றன. விதை, உரம், பூச்சிமருந்து கம்பெனியில் நேரே வேலைக்குப் போவது. வங்கித் தேர்வு, அரசுத் தேர்வு எழுதுவது. குடும்ப நிலத்திலோ சொந்தத் தொழிலிலோ இறங்குவது. அப்புறம் இந்த இரண்டு வருட எம்பிஏ. எம்எஸ்சி அக்ரியை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. ஆராய்ச்சியிலும் கற்பித்தலிலும் உண்மையான ஆசை இருப்பவர் போகும் பாதை அது. முதல் சம்பளத்தை வைத்து அதை எடை போடுவது சரியாக வராது.

இரண்டு வருடத்தின் விலை என்ன?

கல்லூரிக் கட்டணத்தைத்தான் எல்லோரும் விலை என்று நினைக்கிறார்கள். அது பாதிதான். மீதிப் பாதி, அந்த இரண்டு வருடத்தில் நீங்கள் வாங்காமல் விடுகிற சம்பளம். இது எந்தக் கட்டண அட்டவணையிலும் இருக்காது. அப்பா அம்மாவும் இதைக் கணக்கில் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இன்னும் கைக்கு வராத பணம் போனதாகத் தெரியாது.

எண் வைத்துப் பேசுவோம். கீழே வரும் சம்பளமும் கட்டணமும் எடுத்துக்காட்டுக்காக நான் வைத்தவை. உங்களுக்குத் தெரிந்த எண்ணை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். அக்ரி முடித்த ஒருவர் ஒரு பூச்சிமருந்து கம்பெனியில் மாதம் 25,000 ரூபாய் கைக்கு வருகிற மாதிரி சேர்கிறார், வருடத்துக்கு 2,000 கூடுகிறது என்று வைப்போம். முதல் வருடம் 3 லட்சம், இரண்டாம் வருடம் 3.24 லட்சம். படிக்கப் போனால் இந்த 6.24 லட்சம் இல்லை. பத்து லட்சம் கட்டணம் என்றால் படிப்பின் விலை 16 லட்சத்துக்கும் மேல்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். ஹாஸ்டல், மெஸ் செலவை முழுவதுமாக இதில் கூட்டிவிடாதீர்கள். வேலைக்குப் போனாலும் அறை வாடகை கொடுக்க வேண்டும், சாப்பிட வேண்டும். அந்தச் செலவுக்கு மேல் ஹாஸ்டல் எவ்வளவு கூடுதலாகக் கேட்கிறதோ அதை மட்டும் சேர்த்தால் போதும். ஜூனியர் முதலில் போட்ட கணக்கில் இதை இரண்டு முறை கூட்டியிருந்தான். அதனால் எம்பிஏ உண்மையில் இருப்பதைவிட மோசமாகத் தெரிந்தது.

அடுத்தது வட்டி. கல்விக் கடனில் படிக்கும் காலமும் அதற்கு மேல் ஒரு வருடமும் தவணை கட்ட வேண்டியதில்லை. திருப்பிக் கட்ட 15 வருடம் வரை கிடைக்கும். தவணைதான் நிற்கிறது, வட்டி ஓடிக்கொண்டே இருக்கிறது. முதல் வருடத் தொடக்கத்தில் ஐந்து லட்சம், அடுத்த வருடத் தொடக்கத்தில் ஐந்து லட்சம், பத்து சதவீத வட்டி என்றால் தவணை தொடங்கும் நாளில் கடன் 12.5 லட்சமாக நிற்கும். பத்து வருடத்தில் அடைக்க மாதம் சுமார் 16,500 ரூபாய். இந்த எண்ணை அவன் நோட்டில் பெரிதாக எழுதி வட்டம் போடச் சொன்னேன்.

மூன்று படிகள்

அக்ரி பிசினஸ் எம்பிஏ என்று ஒரே பெயரில் சொன்னாலும், பணக்கணக்கில் இவை மூன்று வேறு வேறு படிப்புகள்.

முதல் படி, அரசு வேளாண் பல்கலைக்கழகம். கோவையில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்திலேயே வேளாண் வணிக மேலாண்மையில் எம்பிஏ இருக்கிறது. இந்த மாதிரி இடங்களில் கட்டணம் தனியார் கல்லூரிகளைவிடக் கணிசமாகக் குறைவு. கணக்குக்கு 3 லட்சம் என்று வைக்கிறேன்.

மூன்றாம் படி, நாட்டின் மேல்தட்டு நிறுவனங்கள். ஐஐஎம் அகமதாபாத்தின் உணவு மற்றும் வேளாண் வணிகப் படிப்பு, ஐஐஎம் லக்னோவின் வேளாண் வணிகப் படிப்பு. இவற்றுக்குப் பக்கத்தில், கட்டணத்தில் வெகுவாகக் கீழே, ஹைதராபாத் ராஜேந்திர நகரில் இருக்கும் மேனேஜ் என்கிற தேசிய வேளாண் விரிவாக்க மேலாண்மை நிறுவனம். 1987-ல் தொடங்கியது, 1996 முதல் வேளாண் வணிக மேலாண்மைப் பட்டயத்தை நடத்துகிறது. ஜெய்ப்பூரில் தேசிய வேளாண் சந்தைப்படுத்தல் நிறுவனமும் புனேயில் வாம்னிகாம் என்கிற தேசியக் கூட்டுறவு மேலாண்மை நிறுவனமும் மத்திய அரசின் கீழ் இதே மாதிரிப் படிப்பை நடத்துகின்றன. குஜராத்தின் ஆனந்தில் வர்கீஸ் குரியன் 1979-ல் தொடங்கிய இர்மா கல்வி நிறுவனம் கிராம மேலாண்மைக்குப் பெயர் பெற்றது. 2025-ல் அதைத்தான் திரிபுவன் கூட்டுறவுப் பல்கலைக்கழகமாக மாற்றிச் சட்டம் போட்டார்கள். அகமதாபாத்தில் இரண்டு வருடக் கட்டணம் இருபது லட்சத்தைத் தாண்டிவிடும். கணக்குக்கு 25 லட்சம் என்று வைப்போம்.

இடையில் இருப்பது இரண்டாம் படி. பத்து லட்சம், பன்னிரண்டு லட்சம் கேட்கிற, பெயர் பரவலாகத் தெரியாத தனியார் கல்லூரிகள். ஜூனியருக்குக் கிடைத்த இடம் இதில் ஒன்று. நான் படித்ததும் இந்தப் படியில்தான்.

இப்போது கணக்கு. படிக்காமல் வேலையில் இருக்கும் நம் நண்பர் மூன்றாம் வருடம் 29,000 வாங்குகிறார், பிறகும் வருடம் 2,000 கூடுகிறது. எம்பிஏ முடித்தவருக்கு வருடம் 4,000 கூடுகிறது என்று தாராளமாக வைப்போம்.

இரண்டாம் படியில் முடித்தவர் 45,000 கைக்கு வருகிற வேலையில் சேர்கிறார். முதல் வருடம் தவணை இல்லை, அதனால் நண்பரைவிட மாதம் 16,000 கூடுதல். அந்த ஒரு வருடம் எல்லாம் நன்றாக இருப்பதாகத் தோன்றும். எனக்கும் தோன்றியது, பைக்கை மாற்றினேன். அடுத்த வருடம் சம்பளம் 49,000, தவணை 16,500, மிச்சம் 32,500. நண்பர் அப்போது 31,000 வாங்குகிறார். ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்தான் வித்தியாசம்! இது வருடா வருடம் மெல்லக் கூடி, விட்டுப்போன 6.24 லட்சத்தை ஈடுகட்டும்போது படிப்பு முடித்து ஏழு வருடம் ஆகிவிடும்.

முதல் படியில் முடித்தவருக்குச் சம்பளம் குறைவு என்றே வைப்போம், 40,000. மூன்று லட்சக் கடன் வட்டியோடு 3.75 லட்சமாகி, தவணை மாதம் 5,000 ரூபாய்க்குள் நிற்கும். இவர் ஐந்து வருடத்தில் ஈடுகட்டிவிடுகிறார். தொடக்கச் சம்பளம் ஐயாயிரம் குறைவாக இருந்தும் இரண்டு வருடம் முன்னால் கரை சேர்கிறார்.

மூன்றாம் படியில் மாதம் 1,20,000 கைக்கு வருகிற வேலை கிடைத்தது என்று வைத்தால், இருபத்தைந்து லட்சக் கடனுக்குத் தவணை 41,000 ரூபாய்க்கு மேல். கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் தவணை போக மிஞ்சுவதே நண்பரின் சம்பளத்தைப் போல இரண்டரை மடங்குக்கு மேல். விட்டுப்போன சம்பளம் முதல் வருடத்திலேயே ஈடாகிவிடுகிறது.

ஆகவே இருப்பதில் கட்டணம் மிக அதிகமான படிப்பு என் கண்ணுக்கு ஆபத்தானதாகத் தெரியவில்லை. நடுவில் இருப்பதுதான் ஆபத்து. ஐஐஎம் கட்டணத்தைப் பார்த்து மலைத்துப்போய், "அதில் பாதிகூட இல்லையே" என்று நடுப்படிக்கு வருகிறோம். அந்த ஒப்பீடு தப்பு. நடுப்படியை முதல் படியோடும், சும்மா வேலைக்குப் போவதோடும்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கை எந்த எண் புரட்டிப்போடும் என்றும் பார்த்தோம். நடுப்படியில் முடித்ததும் கைக்கு 60,000 கிடைத்தால் மூன்றே வருடத்தில் ஈடாகிவிடும். 35,000 தான் கிடைத்தால், தவணை தொடங்கியதும் ஐந்து வருடம் படிக்காத நண்பரைவிடக் குறைவாகக் கையில் வைத்திருப்பீர்கள். பத்து வருடக் கடன் முடிகிற நாளிலும் போட்டதை எடுத்திருக்க மாட்டீர்கள். அதனால் கேள்வி ஒன்றாகச் சுருங்குகிறது: அந்தக் கல்லூரியில் நடு வரிசையில் முடிக்கிற மாணவனுக்குக் கைக்கு எவ்வளவு வருகிறது?

அந்த எண்ணை எப்படிக் கண்டுபிடிப்பது?

விளம்பரத்தில் இருப்பது உச்சபட்ச பேக்கேஜ். அது ஒருவருக்குக் கிடைத்தது. சராசரியும் ஏமாற்றும்; ஐம்பது பேரில் நான்கு பேருக்குப் பெரிய சம்பளம் வந்தால் சராசரி தூக்கிவிடும். இருபத்தைந்தாவது ஆளுக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். கூடவே, அந்தச் சராசரி வகுப்பில் சேர்ந்த எல்லோருக்குமா, பிளேஸ்மென்ட்டில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமா என்றும் கேளுங்கள். "சொந்தமாகத் தேடிக்கொள்கிறேன்" என்று எழுதிக் கொடுக்கச் சொல்லி, வேலை கிடைக்காதவர்களைக் கணக்கிலிருந்தே எடுத்துவிடுகிற வழக்கம் எங்கள் வகுப்பில் நடந்தது.

சிடிசி என்று சொல்கிற, உங்களுக்காக நிறுவனத்துக்கு ஆகும் மொத்த ஆண்டுச் செலவையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நிறுவனம் கட்டுகிற பிஎஃப், கிராஜுவிட்டி, காப்பீடு, டார்கெட் முடித்தால் மட்டும் வருகிற ஊக்கத்தொகை எல்லாம் அதற்குள் இருக்கும். விதை, உரம், பூச்சிமருந்து விற்கிற இன்புட் கம்பெனி வேலைகளில் சிலர் பெட்ரோல் படியையும் வெளியூர்ப் படியையும்கூட அதில் சேர்த்துச் சொல்கிறார்கள். அது சம்பளமே இல்லை, வேலைக்காக நீங்கள் செலவழிக்கிற பணம். ஏழு லட்சம் என்று காதில் விழுந்தது, இதெல்லாம் போக மாதம் 45,000-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். ஏழு லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து 58,000 என்று நம்பி, அதை வைத்துத்தான் நான் கடன் எடுத்தேன்.

கல்லூரி அலுவலகத்தைவிட, இரண்டு வருடம் முன்பு முடித்தவர்கள் மூன்று பேரிடம் பேசுவது நல்லது. அவர்களில் ஒருவராவது வகுப்பில் நடுவாந்திரமாக இருந்தவராக இருக்கட்டும். கல்லூரியே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற போன் எண்களை நம்ப வேண்டாம், நீங்களே தேடிப் பிடியுங்கள். "இப்ப அதே கம்பெனியிலதான் இருக்கீங்களா? இதே வேலைக்கு வெறும் பிஎஸ்சி அக்ரி பசங்களும் எடுக்கறாங்களா?" இரண்டாவது கேள்விதான் முக்கியம். பல இன்புட் கம்பெனிகளில் சேல்ஸ் ஆபீசர் வேலைக்கு பிஎஸ்சி அக்ரியே போதும். எம்பிஏ முடித்துவிட்டு அதே வேலையில், அதே டீலர் கடைகளில், அதே கலெக்ஷன் டார்கெட்டோடு நிற்பது என்றால் பத்து லட்சத்துக்கு என்ன அர்த்தம்?

வங்கித் தேர்வை எழுதாமல் கடன் வாங்காதீர்கள்

அரசு வங்கிகளுக்கு ஆள் எடுக்கிற ஐபிபிஎஸ் நடத்தும் சிறப்பு அதிகாரி தேர்வில் வேளாண் கள அதிகாரி என்று ஒரு பணி இருக்கிறது. ஏஎஃப்ஓ என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். நான்கு வருட வேளாண் பட்டமோ அதைச் சார்ந்த பட்டமோ போதும். வயது 20 முதல் 30 வரை. ஓபிசிக்கு மூன்று வருடமும் எஸ்சி, எஸ்டிக்கு ஐந்து வருடமும் தளர்வு உண்டு. 2024 மார்ச்சில் கையெழுத்தான ஊதிய ஒப்பந்தத்துக்குப் பிறகு, ஸ்கேல் ஒன்று என்கிற முதல் நிலை அதிகாரியின் தொடக்க அடிப்படைச் சம்பளம் 48,480 ரூபாய். அகவிலைப்படியும் மற்ற படிகளும் அதற்கு மேல். அடிப்படையை மட்டும் பன்னிரண்டால் பெருக்கினாலே வருடம் 5.8 லட்சம்.

நடுப்படிக் கல்லூரியில் இரண்டு வருடமும் பத்து லட்சமும் போட்டு எட்டுகிற சம்பளத்தை, அந்த இரண்டும் இல்லாமலே ஒரு தேர்வு கொடுக்கிறது. பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது ஜூனியர் கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

இந்தத் தேர்வு எல்லோருக்கும் கிடைத்துவிடாது, அதையும் சொல்லிவிட வேண்டும். காலியிடங்கள் வருடத்துக்கு வருடம் ஏறி இறங்கும். எழுதுகிறவர்கள் ஏராளம். இந்தியாவில் எங்கே வேண்டுமானாலும் போஸ்டிங் போடுவார்கள். வேலையும் பயிர்க்கடன் கொடுப்பதோடு முடிவதில்லை, வாராக்கடன் வசூலுக்கும் அலைய வேண்டும். இரண்டு மூன்று வருடம் அறை எடுத்துத் தங்கி கோச்சிங்கிலேயே காலம் போனவர்களையும் எனக்குத் தெரியும். அவர்கள் இழந்ததும் சம்பளம்தான். அதனால் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவை முழு மனதோடு தயாராகி எழுதுங்கள். கட்-ஆஃப் பக்கத்தில் வந்துவிட்டால் இன்னொரு தடவை. வெகுதூரம் என்றால் விட்டுவிடலாம். வேளாண்மை, ஊரக வளர்ச்சிக்கான தேசிய வங்கியான நபார்டின் கிரேடு ஏ அதிகாரி தேர்வும் டிஎன்பிஎஸ்சி வேளாண் அலுவலர் தேர்வும் இதே படிப்பின் நீட்சிதான், சேர்த்தே படித்துக்கொள்ளலாம்.

எம்பிஏ முடித்த பிறகும் ஏஎஃப்ஓ எழுத முடியும், எழுதுகிறார்கள். என்னோடு படித்த இருவர் அப்படித்தான் வங்கிக்குப் போனார்கள். அந்த வேலைக்கு எம்பிஏ தேவையே இல்லை. கடன் மட்டும் அவர்களோடு வங்கிக்குள்ளும் போனது.

சொந்தமாகத் தொழில் செய்ய நினைப்பவருக்கு

வீட்டில் நிலம் இருக்கிறது, அல்லது உரக்கடை, நர்சரி, மண் பரிசோதனை மையம் மாதிரி ஏதாவது தொடங்க வேண்டும் என்கிற எண்ணம் இருக்கிறது. இப்படிப்பட்டவர் பெரிய கடன் வாங்கி எம்பிஏ படிப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். தொழில் தொடங்க வங்கிக்குப் போகும்போது, ஏற்கெனவே தலைமேல் பன்னிரண்டு லட்சம் கடன் இருப்பதைத்தான் முதலில் பார்ப்பார்கள்.

பூச்சிமருந்துக் கடை உரிமத்துக்கு வேண்டிய கல்வித் தகுதி பிஎஸ்சி அக்ரியிலேயே வந்துவிடுகிறது. தகுதி இல்லாத கடைக்காரர்கள்தான் அதற்காகத் தேசி என்கிற ஒரு வருடப் பட்டயம் படிக்கிறார்கள். அதோடு, வேளாண் பட்டதாரிகளுக்கென்றே மத்திய அரசின் வேளாண் மருந்தகம் மற்றும் வேளாண் வணிக மையத் திட்டம் 2002 முதல் நடக்கிறது. மேனேஜ் நிறுவனத்தின் மேற்பார்வையில் 45 நாள் பயிற்சி, கட்டணம் இல்லை. முடித்துவிட்டு வங்கிக் கடனில் தொழில் தொடங்கினால் நபார்டு வழியாக மானியம் கிடைக்கும்: பொதுப் பிரிவுக்குத் திட்டச் செலவில் 36 சதவீதம், பெண்களுக்கும் எஸ்சி, எஸ்டி பிரிவினருக்கும் 44 சதவீதம். தனிநபர் என்றால் மானியத்துக்குக் கணக்கில் எடுக்கும் திட்டச் செலவின் உச்சவரம்பு 20 லட்சம். மானியம் உடனே கைக்கு வராது, கடனின் கடைசியில் கழியும். வங்கி மேலாளரைச் சம்மதிக்க வைப்பதும் சுலபமில்லை. இருந்தாலும் பத்து லட்சம் திட்டத்தில் ஒரு பெண்ணுக்கு 4.4 லட்சம் வரை கழிகிறது என்பது, அதே பத்து லட்சத்தைக் கல்லூரிக்குக் கட்டுவதோடு ஒப்பிட வேண்டிய எண்.

எம்பிஏவில் சொல்லித்தருகிற சில விஷயங்கள் தொழில் செய்பவருக்கு நிச்சயம் வேண்டும். இதை மறைத்தால் நியாயமில்லை. பிஎஸ்சி அக்ரியில் நான்கு வருடம் படித்தும் ஒரு ஐந்தொகையை (பேலன்ஸ் ஷீட்) எனக்கு வாசிக்கத் தெரியாது. கடனுக்குச் சரக்குக் கொடுத்துவிட்டு லாபம் வந்ததாக நினைக்கிற தப்பை எம்பிஏ வகுப்பில்தான் புரிந்துகொண்டேன். விலை இறங்கும்போது சரக்கைக் கிடங்கில் வைத்து, கிடங்கு ரசீதின் மேல் கடன் வாங்கலாம் என்பதும், முன்பேரச் சந்தையில் மஞ்சள் விலை எப்படி உருவாகிறது என்பதும் அங்கே கற்றவை. ஆனால் கணக்கியலை ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் ஆறு மாதம் உட்கார்ந்தாலும் கற்கலாம். கொள்முதலை ஒரு மண்டியில் ஒரு சீசன் நின்றால் கற்கலாம்.

கடன் வேலையையும் தேர்ந்தெடுக்கும்

இதைத்தான் நான் ஜூனியரிடம் அதிக நேரம் பேசினேன். எண்ணில் இது முழுதாக அடங்காது.

எம்பிஏ இரண்டாம் வருடத்தில் எங்களை ஒரு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்கு எட்டு வாரம் அனுப்பினார்கள். சிறுதானியம் வாங்கிச் சுத்தம் செய்து விற்கிற எஃப்பிஓ. வாழ்க்கையில் அவ்வளவு ஈடுபாட்டோடு நான் வேறெந்த வேலையும் செய்ததில்லை. முடிக்கும்போது, தலைமை நிர்வாகியாக வந்துவிடு என்று இயக்குநர் குழுவில் இருந்த பெரியவர்கள் கேட்டார்கள். அவர்களால் கொடுக்க முடிந்தது என் தவணைக்கும் சாப்பாட்டுக்குமே காணாது. முடியாது என்று சொல்லிவிட்டு, பூச்சிமருந்து கம்பெனிக்குப் போனேன்.

இன்றும் நிலைமை பெரிதாக மாறிவிடவில்லை. 2020-ல் தொடங்கிய பத்தாயிரம் எஃப்பிஓ திட்டத்தில் தலைமை நிர்வாகியின் சம்பளத்துக்கு மாதம் 25,000 ரூபாய் வரை, முதல் மூன்று வருடத்துக்கு அரசு உதவி உண்டு. அதற்கு மேல் வேண்டுமென்றால் எஃப்பிஓ சொந்தமாகச் சம்பாதித்துத்தான் கொடுக்க வேண்டும். 25,000-ல் 16,500 தவணைக்குப் போனால் யார் வருவார்கள்? அக்ரி பிசினஸ் படித்தவர்கள் அதிகம் தேவைப்படுகிற இடத்துக்கு, கடன் வாங்கிப் படித்தவர் போக முடிவதில்லை. கிராமத்தில் ஏதாவது செய்ய வேண்டும் என்பதற்காகவே அக்ரி பிசினஸ் எடுக்கிறேன் என்று சொல்கிறவர்கள் இதை ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசிக்க வேண்டும். அவர்களுக்குக் கட்டணம் குறைந்த படிப்பு மட்டும்தான் பொருந்தும்.

பெண்களுக்கு நான் இதே பதிலைச் சொல்ல மாட்டேன். நான் பார்த்த வரையில், கிராமம் கிராமமாக பைக்கில் சுற்றுகிற விற்பனை வேலைக்குப் பெண்களை எடுக்கக் கம்பெனிகள் இன்னும் தயங்குகின்றன. வெறும் பிஎஸ்சியோடு தனியார் துறையில் அவர்களுக்குத் திறக்கிற கதவுகள் குறைவு. எம்பிஏ முடித்தால் கொள்முதல், தரக்கட்டுப்பாடு, வேளாண் கடன், சந்தை ஆய்வு என்று வேறு வகை வேலைகளுக்கு அழைக்கிறார்கள். விட்டுப்போகிற சம்பளம் குறைவு, படிப்பால் கிடைக்கிற மாற்றம் பெரிது. அதே கணக்கைப் போட்டாலும் விடை மாறி வரும்.

கடன் வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால்

7.5 லட்சத்துக்கு மேல் வழக்கமான கல்விக் கடனுக்குச் சொத்து ஈடு கேட்பார்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம் வித்யாலட்சுமி திட்டத்தில், பட்டியலில் இருக்கும் கல்வி நிறுவனங்களுக்கு ஈடும் ஜாமீனும் இல்லாமல் கடன் கிடைக்கும். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால், பத்து லட்சம் வரையான கடனுக்குத் தவணை இல்லாத காலத்தில் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. உங்களுக்குக் கிடைத்த கல்லூரி அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இல்லையென்றால் ஏன் இல்லை என்று கேட்டுப் பாருங்கள். ஜூனியரின் கல்லூரி அதில் இல்லை. அவன் அப்பா வீட்டுப் பத்திரத்தைப் பற்றிப் பேசியதே அதனால்தான்.

கல்விக் கடன் வட்டியைக் காட்டி வருமான வரி மிச்சப்படுத்தலாம் என்று கடன் வாங்கித்தருகிற ஏஜென்ட்டுகள் சொல்வார்கள். பழைய வரி முறையில் எட்டு வருடம் வரை கட்டிய வட்டியைக் கழிக்கலாம் என்பது உண்மைதான். ஆனால் புதிய முறையில் வருடம் 12 லட்சம் வரை வருமான வரியே இல்லை. மாதம் 45,000 வாங்குகிறவருக்கு அந்தக் கழிவால் ஒன்றும் ஆகப்போவதில்லை.

எப்போது சரி என்பேன்?

மேல்தட்டு நிறுவனம் ஒன்றில் இடம் கிடைத்தால் தயங்காமல் போகச் சொல்வேன், கடன் வாங்கியாவது. மேனேஜ் மாதிரி இடத்தில் கிடைத்தாலும் அப்படியே. அரசு வேளாண் பல்கலைக்கழகத்தில் கிடைத்தால், ஏஎஃப்ஓ தேர்வை ஒரு பக்கம் வைத்துக்கொண்டு போகலாம் என்பேன். நடுப்படி என்றால், அந்த நடு மாணவனின் கைச்சம்பளம் 60,000-ஐ ஒட்டி இருப்பது மூன்று பேர் வாயிலிருந்தாவது உறுதியானால் மட்டும். எங்கே சேர்வதானாலும், கல்லூரி தருவது பட்டமா, பட்டயமா, தொழிற்கல்விக்கான தேசிய அமைப்பான ஏஐசிடிஇயின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்துவிடுங்கள். மேனேஜ் தருவதுகூடப் பட்டயம்தான். தனியார் வேலைக்கு அது தடையில்லை. பின்னால் பிஎச்டி சேரும் எண்ணம் இருந்தால், அந்தப் பட்டயம் எம்பிஏவுக்குச் சமமாக ஏற்கப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும்.

இரண்டு வருடம் களத்தில் வேலை பார்த்துவிட்டுப் போவது இன்னும் நல்லது. விட்டுப்போகிற சம்பளம் கொஞ்சம் கூடும், அது உண்மை. ஆனால் ஒரு காரிஃப் (மழைக்காலச் சாகுபடி) சீசன் முழுக்க டீலர்களோடு அலைந்தவனுக்கு, வகுப்பில் விநியோகச் சங்கிலி பற்றிப் பேசும்போது கேட்கக் கேள்விகள் இருக்கும். நேர்முகத் தேர்வில் சொல்லக் கதை இருக்கும். கையில் சேமிப்பு இருந்தால் கடனும் சிறுக்கும். எங்கள் வகுப்பில் நல்ல வேலை கிடைத்தவர்களில் பாதிக்கு மேல் முன்னனுபவம் உள்ளவர்கள். இருபத்திரண்டு வயதில் நேராக வந்த எங்களுக்கு அதே படிப்பு வெறும் பாடமாகத்தான் போனது.

ஜூனியர் முன்பணம் கட்டவில்லை. ஐபிபிஎஸ் அறிவிப்பும், ஐஐஎம் மாதிரி இடங்களில் சேர எழுதுகிற கேட் (CAT) தேர்வின் விண்ணப்பமும் ஜூலை, ஆகஸ்ட் வாக்கில் வரும். கேட் தேர்வு நவம்பர் கடைசி ஞாயிறை ஒட்டி நடக்கும். கணக்கு, ஆங்கிலம், பகுத்தறிதல் இரண்டுக்கும் பெரும்பாலும் பொது என்பதால் இரண்டையும் சேர்த்தே எழுதப்போகிறான். அதுவரை ஒரு விதை கம்பெனியில் மாதம் 23,000 ரூபாய்க்குச் சேர்ந்திருக்கிறான். மக்காச்சோளப் பகுதி, நாலு தாலுகா. போன வாரம் போன் செய்தபோது ஒரு டீலர் கடைத் திண்ணையில் கலெக்ஷனுக்காகக் காத்துக்கொண்டிருந்தான். "அண்ணா, இந்த ஆள் கிட்ட ஸ்டாக் இருக்கு, பில்லும் இருக்கு, பணம் மட்டும் எங்க போகுதுன்னு தெரியல" என்றான். அந்தக் கடையின் மூன்று மாத வரவு செலவை ஒரு தாளில் எழுதி எனக்கு அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.